சந்து முனையில் திறந்த கதவு

ஓட்டுநர் இல்லாத பகிர்வு வண்டி வந்த புதிதில் அதில் ஏற எல்லாருக்கும் பயம். பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தவளும் முதல் வாரம் முழுக்கக் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. பிறகு பழகிப்போயிற்று. தையல்கடை அண்ணன் ஏறியதும் குறட்டையே விட ஆரம்பித்தார். சந்து முனையில் ஏறும் மருந்துக்கடைப் பெண் அதைக் கேட்டு வாயைப் பொத்திச் சிரிப்பாள்.

அந்தப் பெண் காய்ச்சலில் இறந்துபோனாள். சில வாரங்கள் வண்டி அந்த முனையில் நிற்கவில்லை. பிறகு ஒரு காலை நின்றது. கதவு திறந்தது. அவள் உட்காரும் ஜன்னலோர இருக்கையின் மேல், ஆள் வரும் இடத்தில் மட்டும் எரியும் பச்சை விளக்கு எரிந்தது. வெளியே யாரும் இல்லை. சற்றுக் காத்திருந்துவிட்டு, கதவை மூடிக்கொண்டு வண்டி கிளம்பியது. மறுநாளும் அப்படியே.

தையல்கடை அண்ணன் பஸ்ஸுக்கு மாறிவிட்டார். "ஓட்ட ஆள் இல்லாத வண்டியில ஏறலாம்மா. ஏறுனது யாருன்னே தெரியாத வண்டியில எப்படி ஏறுறது?" என்றார். பேச்சு பரவி மற்றவர்களும் கழன்றுகொண்டார்கள். உதவியாளருக்கு அந்த நேரத்தில் வேறு வண்டி கிடையாது. அவளும் அந்தப் பச்சை விளக்கும் மட்டும் தனியே போய்வந்தார்கள். விளக்கெரியும் அந்தப் பக்கத்து இருக்கையைப் பார்க்காமலே உட்கார்ந்து கழுத்து வலித்தது.

ஒரு நாள் முனையில் கதவு திறந்ததும் பொறுக்கமாட்டாமல் இறங்கிவிட்டாள். எதிர்மாடி ஜன்னலில் ஓர் அம்மா வண்டியின் கதவையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். படியேறிப் போய்க் கதவைத் தட்டினாள்.

இறந்தவளின் மாமியார் அவர். ஜன்னல் திண்டில் மருமகளின் போன் சார்ஜில் கிடந்தது.

"வண்டி வேணுமா வேண்டாமான்னு தினம் இதுல கேக்கும். வேணும்னு அமுக்குறேன்."

"எதுக்கும்மா?"

"மகன் வேற வீடு பார்த்துட்டுப் போயிட்டான். அவ துணிமணியையும் குடுத்துட்டான். அந்தக் கதவு திறந்து மூடுற சத்தம் கேட்டா, அவ வேலைக்குக் கிளம்பிட்டான்னு தோணும். அதுக்கப்புறந்தான் அடுப்புப் பக்கமே போவேன்."

"வண்டியில வர்றவங்க பயப்படுறாங்கம்மா."

"ஐயோ, உள்ள ஆளுங்க இருப்பாங்கன்னு நினைக்கவே இல்லையே!" அந்த அம்மா பதறிப்போனார். அப்போதே போனை எடுத்துப் பதிவை ரத்து செய்தார்.

மறுநாள் வண்டி நிற்காமல் போயிற்று. சில நாட்களில் தையல்கடை அண்ணன் குறட்டையோடு திரும்பினார், இருக்கைகள் நிரம்பின. ஆனால் வண்டி முனையைத் தாண்டும்போதெல்லாம் உதவியாளர் நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் அந்த அம்மா நின்றார். வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கழுவும்போதும் அந்த முகம் வந்து நின்றது.

ஒரு வாரம் தாங்கிப் பார்த்தாள். பிறகு, தான் ஏறும் இடத்தைச் சந்து முனைக்கு மாற்றிக்கொண்டாள். வீட்டிலிருந்து நல்ல தூரம்; நடந்தே வந்துவிடுவாள்.

வண்டி நிற்கும், கதவு திறக்கும். ஜன்னலிலிருந்து இரண்டு கண்கள் முதுகில் பதிவதை அவளால் உணர முடியும். ஏறி, கதவு மூடும்வரை அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பார்த்தால் அந்த அம்மாவுக்குத் தன் முகம் தெரிந்துவிடுமே.