தம்புசாமி ரகம்

மாலையை எடுப்பதற்காக விஷ்ணுப்ரியா காரின் பின்கதவைத் திறந்தபோது, உள்ளே சேறு படிந்த பூட்ஸும் கைமண்வெட்டியும் கிடப்பதை மலர்விழி பார்த்துவிட்டாள்.

"இதெல்லாம் எதுக்கு?"

"கார்ல எப்பவும் இருக்கும்கா."

பதில் கொஞ்சம் வேகமாக வந்ததாக மலர்விழிக்குத் தோன்றியது.

கிள்ளான் வீட்டின் முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே பெட்டியில் மலர்விழியின் அப்பா தம்புசாமி. நேற்றுக் காலை பக்கத்து ஊரான மேருவில் தன் தர்பூசணித் தோட்டத்தில் கொடிகளுக்கு நடுவே குப்புற விழுந்து கிடந்தார். மாரடைப்பு என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஏழு வருடமாக அவருக்கு ஒரே வேலைதான். கண்ணுக்குத் தெரியாத நூற்புழு வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும். காய் திரளும் நேரத்தில் கொடி வாடிப்போகும். யாரும் தின்னாத ஒரு காட்டுக்காயை நல்ல பழத்தோடு கலந்து, புழுவுக்குத் தப்பிய கொடிகளில் மட்டும் விதையெடுத்து, திரும்பத் திரும்ப நட்டுப் பார்த்தார். கடைசியில் ஒன்று தாக்குப்பிடித்தது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் அதைத் தம்புசாமி ரகம் என்றார்கள். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இரண்டு சீசனாக விஷ்ணுப்ரியா வந்து சோதித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மலர்விழி கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்திருந்தபோது அப்பா சொன்னார்: "புதன்கிழம அந்தப் பொண்ணு வேர் பாக்க வருது. அதுவரைக்கும் தோட்டத்துல யாரும் கால் வைக்கக் கூடாது."

இன்று புதன்கிழமை.

"அப்பாவ இன்னும் எடுக்கவே இல்ல. அதுக்குள்ள வேர் எடுக்க வந்துட்டீங்களா?"

விஷ்ணுப்ரியாவின் முகம் சிவந்தது. "அங்கிள்தான் இன்னிக்கு வரச் சொன்னாரு. ஆனா நான் இன்னிக்குக் கேக்க மாட்டேன்கா."

"கேக்க மாட்டீங்க. நாங்க மின்சுடலைக்குப் போனதும் நேரா அங்கதான போவீங்க?"

விஷ்ணுப்ரியா மாலையை எடுத்துக்கொண்டு கார்க் கதவைச் சாத்தினாள்.

"வாங்க. நானும் வரேன். இப்பவே."

பினாங்கிலிருந்து தம்பி வந்துசேர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

அப்பாவைத் தூக்கிவந்தவர்கள் நேற்று அமுக்கிவிட்டு வந்த பூட்டு, தோட்டத்து வேலிக் கதவின் சங்கிலியில் அப்படியே இருந்தது. அப்பாவின் இடுப்பிலிருந்து கழற்றி மருத்துவமனையில் கொடுத்த சாவியால் மலர்விழி திறந்தாள். அவர் விழுந்த இடத்தில் கொடிகள் நசுங்கியிருந்தன. விஷ்ணுப்ரியா அதைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு செடியைத் தோண்டினாள். வேர் வெள்ளையாக, ஒரு முடிச்சும் இல்லாமல் வந்தது.

"பாத்தீங்களா? எங்கப்பா பொய் சொல்லல."

விஷ்ணுப்ரியா வேரைப் பார்க்கவில்லை. மண்ணை உள்ளங்கையில் வைத்து உதிர்த்துக்கொண்டிருந்தாள். மண்ணுக்குள் கடுகளவில் ஊதா நிறக் குருணைகள்.

"புழு மருந்து. இத தடை பண்ணிட்டாங்க." பிறகு அவசரமாக, "நான் போடலக்கா" என்றாள்.

"நான் கேக்கவே இல்லையே."

மலர்விழி அவள் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். வரிசையின் கடைசிக்குப் போனாள். வாய்க்காலை ஒட்டிய அந்த மண்ணில் குருணை இல்லை. தோண்டினாள். இஞ்சிபோல் வீங்கித் திருகிய வேர் வந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்த செடியைக் கையாலேயே பிடுங்கினாள். அதுவும்.

"யாரோ உள்ள பூந்து..." என்று தொடங்கியவள், கையிலிருந்த சாவியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அதற்கு வேறு பிரதி கிடையாது.

"போன சீசன் நல்லாத்தான் இருந்துச்சு. நானே பாத்தேன். புழு மாறிக்கும்கா, சில ரகம் ரெண்டு மூணு சீசன்லயே தோத்துடும். அது அங்கிள் தப்பில்ல." விஷ்ணுப்ரியா தயங்கினாள். "இந்த மருந்து தோல் வழியாவே உள்ள போயிடும். அங்கிளுக்கு ரொம்ப வேர்த்துச்சா? கை நடுங்குச்சா?"

ஞாயிற்றுக்கிழமை அப்பா தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டது மலர்விழிக்கு நினைவு வந்தது. வயதாகிவிட்டது என்று சிரித்திருந்தாள். அவள் மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலிக் கதவைப் பூட்டினாள். கார் கிள்ளானுக்குத் திரும்பியது.

வீட்டில் பெட்டியருகே பக்கத்துத் தோட்டத்துக் கமலநாதன் நின்றிருந்தார். மலர்விழியைக் கண்டதும் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"மலரு, அப்பா எனக்கு விதை தரேன்னு சொல்லியிருந்தாரும்மா. அத நம்பி, இருந்த கொடியெல்லாம் புடுங்கிட்டேன். நாங்க ஆறேழு பேரு இருக்கோம். அவரு பேரச் சொல்லி அடுத்த மாசம் நட்டுடறோம்."

தலைமாட்டில் அம்மா வள்ளியம்மா உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் விஷ்ணுப்ரியா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"போடாதீங்கண்ணே."

"என்னம்மா?"

"இந்தத் தடவ தாங்கல. வேரெல்லாம் முடிச்சு."

கமலநாதன் பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். "அவருதான் போன வாரம் சொன்னாரு, ஒரு செடிகூட..."

"நான் தோண்டிப் பாத்துட்டுத்தான் வரேன்."

வள்ளியம்மா எழுந்து வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பின்கட்டுக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அடிக்கப்போகிறாள் என்று மலர்விழி நினைத்தாள். அம்மா குழாயைத் திறந்து சோப்பை எடுத்துக் கொடுத்தாள்.

"முழங்கை வரைக்கும் தேய்."

"ம்மா, நான்..."

"ரெண்டு தரம் தேய். அந்த மருந்து ஒரு தரத்துல போகாது."

மருந்தைப் பற்றி மலர்விழியும் விஷ்ணுப்ரியாவும் அங்கே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவள் தேய்க்காமல் நின்றாள். வள்ளியம்மா துணி துவைக்கும் பிரஷை எடுத்து, மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நகக்கண்களில் தேய்க்கத் தொடங்கினாள். மண் கரைந்த தண்ணீர் சிமெண்ட் தரையில் ஓடியது. அப்பாவை எடுத்துப்போகும் வேன் வாசலில் பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. சுண்டுவிரல் இன்னும் பாக்கி இருந்தது.