ஓடும் நிலையில்

செத்துப்போன என்ஜினை மறுபடியும் ஜீப்புக்குள் இறக்கிக்கொண்டிருந்தார் மெக்கானிக் சத்தார். சங்கிலியில் தொங்கிய என்ஜின் மெல்லச் சுழல, செவ்வந்தி இரண்டு கையாலும் அதைப் பிடித்து நேராக நிறுத்தினாள். கருகிய ஆயில் அவள் முழங்கை வரை வழிந்தது. ஷெட்டின் மூலையில், தார்ப்பாய்க்கு அடியில், ஏலத்தில் எடுத்த நல்ல என்ஜின் ஒன்று பில்லும் ரசீதுமாகச் சும்மா உட்கார்ந்திருந்தது.

“நாப்பது வருசமா இந்தத் தொழில் பண்றேன்மா,” என்றார் சத்தார். “கெட்டதைக் கழட்டி நல்லதைப் போட்டிருக்கேன். நல்லதைப் பக்கத்துல வெச்சிக்கினு கெட்டதைப் போடறது இதான் மொதல் தபா.”

“ஆபீஸ்ல கேக்குறாங்களே பாய், நான் இன்னா பண்ணுவேன்?”

அவள் செய்த ஒரே தப்பு முறைப்படி போனதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால், மலைப்பாதையில் புதூர்நாட்டுக்குக் கீழே ஏழாவது வளைவில் என்ஜின் ஜாமாகி நின்றது. வேறு என்ஜின் மாட்ட வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடத் தகுதி என்று தரும் எஃப்.சி. கிடையாது. மனு கொடுத்தாள். பிரேக் இன்ஸ்பெக்டர் ஷெட்டுக்கே வந்து, பழைய என்ஜின் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தார். என்ஜினில் கடைசி இலக்கம் மூன்று. ஆர்.சி. கார்டில் இருந்தது எட்டு.

கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஆபீஸில் கார்டு அடித்துக் கொடுத்தபோது எவருடைய விரலோ மூன்றுக்குப் பதில் எட்டை அடித்திருக்கிறது. புத்தகமும் அவர்களிடமே போய்விட்டது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் எஃப்.சி.க்குப் போனபோதெல்லாம் பென்சில் தேய்த்து வாங்கிவைத்த மகராசர்கள் ஒரு தடவையாவது அதைக் கார்டோடு வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இப்போது முதலில் நம்பரைத் திருத்த வேண்டும். திருத்த வேண்டுமானால் அதே என்ஜினோடு வண்டி ஆபீஸ் மைதானத்துக்கு வர வேண்டும். அதுவும் ஓடும் நிலையில்.

“ஓடலேன்னுதானே சார் மாத்தறேன்?” என்று கவுண்டரில் கேட்டாள்.

“மாத்தறது வேற செக்‌ஷன்மா. இது திருத்தற செக்‌ஷன்,” என்றார் கிளார்க்.

கணவன் தீர்த்தகிரி குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போனதிலிருந்து எட்டு வருஷமாக அந்த ஜீப்தான் செவ்வந்தியின் பிழைப்பு. மலைமேல் கடைசி ஊரிலிருந்து ஏழு பெண்களை ஏற்றிக்கொண்டு அடிவாரத்து ஷூ கம்பெனிக்கு விடுவாள். சாயங்காலம் திரும்பக் கூட்டிப்போவாள். வண்டி நின்ற நாளிலிருந்து அந்த ஏழு பேரும் இருட்டோடு கிளம்பி ஆறு கிலோமீட்டர் நடந்து பஸ் பிடித்தார்கள். போய்ச் சேரும்போது பாதி நாள் வெட்டு. முப்பதாம் தேதி வரை பார்ப்பேன், அதற்குள் என்ஜின் மாற்றும் அனுமதித் தாளையாவது காட்டாவிட்டால் அந்த ஊர் ஆட்களே வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இன்று தேதி இருபத்தொன்பது.

மறுநாள் காலை சத்தார் தன் மினி லாரியில் கயிறு கட்டி ஜீப்பை ஆபீஸ் கேட் வரை இழுத்துவந்தார். வாட்ச்மேன் கையைக் காட்டி நிறுத்தினார். கயிறு கட்டிய வண்டி உள்ளே போகக் கூடாதாம்.

“அவுத்துடு பாய், நாங்க தள்றோம்,” என்றாள் பச்சையம்மா. கம்பெனியில் தோலுக்குப் பசை தடவுகிறவள். ஏழு பேரும் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்திருந்தார்கள். ஒரு நாள் கூலி போகிறது என்று அவர்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அதுவே செவ்வந்திக்கு உறுத்தலாக இருந்தது.

லைசென்ஸ் பரீட்சைக்குச் சுண்ணாம்பால் எட்டு வரைந்திருந்த மைதானம் அது. பத்தரை மணிக்கே மண் சுட்டது. செவ்வந்தி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, ஏழு பேரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் தோள் கொடுத்தார்கள். பக்கத்தில் ஸ்கூட்டரோடு வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் செல்போனை எடுத்துப் படம் பிடித்தான்.

“டேய், போனை உள்ள வெச்சிட்டு வந்து ஒரு கை போடுடா!” என்று பச்சையம்மா போட்ட சத்தத்தில் அவன் நிஜமாகவே வந்து தள்ளினான்.

இன்ஸ்பெக்டர் வேப்பமர நிழலிலிருந்து எழுந்து வந்தார். பென்சில் தேய்த்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார், அடித்தது. விளக்கைப் போடச் சொன்னார், எரிந்தது.

“ஸ்டார்ட் பண்ணுங்க.”

செவ்வந்தி சாவியைத் திருப்பினாள். ஒரு டக். அவ்வளவுதான்.

அவர் செவ்வந்தியைப் பார்த்தார், பின்னால் மூச்சு வாங்கி நின்ற பெண்களைப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை.

“ஓடுதுன்னு எழுதினாத்தாம்மா நம்பரைத் திருத்த முடியும். இந்தப் பாரத்துல வேற கட்டமே இல்ல. இவ்ளோ பேர் வந்து நிக்கிறீங்க, உங்களுக்காக எழுதறேன்.” எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்தார். பிறகு வேறு ஊர் முகாமுக்கு நேரமாகிவிட்டதென்று வண்டியேறிப் போனார்.

செவ்வந்திக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டாள்கூட.

நம்பர் திருந்தச் சாயங்காலம் ஐந்து மணியாயிற்று. கார்டில் எட்டு மூன்றாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்ட தாளையும் என்ஜின் மாற்றும் மனுவையும் சேர்த்துப் பக்கத்துக் கவுண்டரில் நீட்டினாள். அங்கிருந்த அம்மாள் மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

“இன்னிக்குத் தேதி போட்டு, வண்டி நல்லா ஓடுதுன்னு சார் கையெழுத்து வெச்சிருக்காரே. ஓடுற என்ஜினை எதுக்கு மாத்தணும்?”

“ஓடலீங்க மேடம். நாங்க தள்ளிக்கினு வந்தோம். அவரே பாத்தாருங்க.”

“தள்ளினதா இதுல இல்லையே. தகுந்த காரணம் இல்லாம அனுமதி தர முடியாதும்மா. பழுதாச்சுன்னா அப்ப மனு குடுங்க.” மனுவில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதி, இரண்டையும் திருப்பித் தள்ளினாள்.

செவ்வந்திக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் காட்டுவது? எட்டு அடித்த விரல் எந்த ஊரில் இருக்கிறதோ. இரக்கப்பட்டவர் முகாமில் இருக்கிறார். இந்த அம்மாள் தாளில் இருப்பதைத்தான் படித்தாள். மடியில் போன் அதிர்ந்தது. கம்பெனி மேனேஜர். எடுத்தால் அனுமதி வந்துவிட்டதா என்று கேட்பார். அது அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே பெண்கள் ஜீப்பின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“முடிஞ்சிதா செவ்வந்தி?” என்று எழுந்து வந்தாள் பச்சையம்மா.

பதில் சொல்வதற்குள் வாட்ச்மேன் விசிலோடு வந்தார்.

“வண்டியை எடுங்கம்மா, கேட்டைப் பூட்டணும். ஓடாத வண்டியெல்லாம் இங்க நிறுத்தக் கூடாது.”

“ஓடாத வண்டியா?” செவ்வந்தி முத்திரை வைத்த தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “படிச்சுப் பாருங்க. நல்லா ஓடுதாம்.”

அவர் அதை வாங்கவில்லை. “அதெல்லாம் எனக்கு இன்னாமா தெரியும்? எடுங்க.”

தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு செவ்வந்தி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அந்த ஏழு பேரும் முந்தானையை இழுத்துச் செருகினார்கள்.