அவள் பங்கு மாத்திரை

லாரி ஷெட்டில் சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் ஒரே நிபுணர்தான், மீசைக்காரர். இரண்டையும் படித்ததில்லை என்பதால் சந்தேகமே இல்லாமல் பேசுவார்.

அங்கே டேங்கர் ஓட்டுகிற ஒருவருக்கு லைசன்ஸ் புதுப்பிக்க உடல் தகுதிச் சான்று வேண்டும். போன முறை பிரஷர் எகிறியிருந்ததால், குறைத்துக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார்கள்.

"மாத்திரை சாப்பிடுறேன்னு மட்டும் வாயத் தொறந்துடாத. அதோட உன் ஸ்டியரிங் போச்சு" என்றார் மீசைக்காரர். ஷெட்டே ஆமோதித்தது. டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கினாலும் லைசன்ஸ் ஆபீசுக்குத் தெரிந்துவிடுமாம்.

வீட்டில் மனைவிக்கு ரொம்ப நாளாகப் பிரஷர். ஆஸ்பத்திரியில் மாதாமாதம் தருகிற மாத்திரை ஒருவருக்குத்தான் காணும். அவள் அட்டையை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க போடுங்க. நான் வீட்லதானே இருக்கேன். என்னை யாரு வண்டி ஓட்டச் சொல்றாங்க?"

வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். அதை அவள் நம்பித் தொலைத்திருக்கலாம். அந்த மாதம் மாத்திரையெல்லாம் இவர் வாய்க்கே போனது; கடைசி வாரம் அவள் தலை கனக்கிறது என்றாள். "பரிசோதனை முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார் இவர்.

டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். "நல்லா இருக்கே. மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லீங்க டாக்டர்."

"சாப்பிட்டாலும் தப்பில்லைங்க. கட்டுக்குள்ள இருந்தா சான்று குடுத்துடுவோம். அது தெரியாம மறைக்கிறவங்கதான் அதிகம்."

அப்போதாவது அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சான்றை வாங்கிக்கொண்டு, மீசைக்காரரை மனதுக்குள் திட்டியபடி வெளியே வந்தார். வழியில் மருந்துக் கடையில் அவளுக்கு ஓர் அட்டை வாங்கினார். இனிமேல் தனக்குத் தனியாகச் சீட்டு வாங்கிவிட வேண்டும் என்று நினைத்தபோது மனசு கொஞ்சம் லேசானது.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரி நின்றிருந்தாள். "அண்ணே, அக்கா சமையல்கட்டுல விழுந்துட்டாங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பிட்டோம்."

வார்டில் அவள் விழித்துத்தான் இருந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இடது கை யாருடையதோ போலப் போர்வை மேல் கிடந்தது. இவரைப் பார்த்ததும் ஏதோ கேட்க முயன்றாள். நாக்கு குழறியது. அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"பா... பாஸா?"

அவர் தலையாட்டினார். அவள் முகத்தில் ஒரு பாதி சிரித்தது.