இடது காதுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ்

மேஜை விளக்கை இழுத்து வைத்து உட்கார்ந்தபோது எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கடுகளவு திருகுகளோடு மல்லுக்கட்டுகிறவன் நான். ரெக்கார்ட் பிளேயரின் கை நுனியில் ஊசியைப் பிடித்துக்கொண்டிருக்கும் கார்ட்ரிட்ஜைக் கழற்றி வேறொன்றை மாட்டுவதெல்லாம் எனக்கு ஒரு வேலையா? புதியதை ஆடியோ கடைக்காரர், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். "இடது வலது அப்படியே பிரிஞ்சு நிக்கும் சார். யார் எங்க நின்னு பாடுறாங்கன்னு கை நீட்டிக் காட்டலாம்" என்று அவர் சொன்னதில் விழுந்துவிட்டேன்.

எல்லாம் என் மனைவிக்காகத்தான். போன வருஷம் வந்த காய்ச்சலில் அவளுக்கு வலது காது சுத்தமாகப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பை எப்படியோ சமாளித்துவிட்டாள்; வலது பக்கம் உட்காருகிற வாண்டுகளுக்குத்தான் ஒரே கொண்டாட்டம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் சாயங்காலம் நான் இசைத்தட்டைப் போட்டால் மட்டும், "நீங்க கேளுங்க, எனக்கு வேலை கிடக்கு" என்று உள்ளே போய்விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரே சோபாவில் உட்கார்ந்து கேட்டவர்கள் நாங்கள். அவள் இல்லாமல் எனக்கு எந்தப் பாட்டும் ரசிக்கவில்லை. உயர்ந்த கார்ட்ரிட்ஜாக மாட்டினால் வந்து உட்காருவாள் என்று நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நல்ல காது என் பக்கம் இருக்கும்படி எனக்கு வலப்புறம் உட்கார்ந்தாள். எங்களுக்குப் பிடித்த ஜோடிப் பாட்டு. அடேயப்பா! பெண் குரல் இடது பக்கம், ஆண் குரல் வலது பக்கம், நடுவில் வயலின். பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பூரித்துப்போய் அவளைப் பார்த்தேன். முகம் சுருங்கியிருந்தது.

"எப்படி?"

"அந்தம்மா நல்லா பாடுறாங்க" என்றவள், கொஞ்சம் தயங்கி, "அவர் எங்கங்க? பக்கத்து வீட்டுல பாடுற மாதிரி இருக்கு. பழசுல பாதியாவது காதுல விழும்" என்றாள். பிறகு, "சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதான் வேலை இருக்குன்னு ஓடிருவேன்."

எனக்குச் சுருக்கென்றது. பழைய கார்ட்ரிட்ஜ் மட்டமானது. ஒரு பக்கத்துச் சத்தத்தை மறுபக்கத்தில் சிந்தும். அப்படிச் சிந்தியதைத்தான் அவளுடைய இடது காது பொறுக்கிக்கொண்டிருந்தது. பிரிக்கிறேன் பேர்வழி என்று அதையும் பிடுங்கிவிட்டேன். மடையன்! இரண்டு காதும் கேட்கிற எனக்காகத்தான் இத்தனை நாளும் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன்.

மறுநாள் கடைக்குப் போய், "இடது வலதுன்னு பிரிக்காத கார்ட்ரிட்ஜ் இருக்கா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கு. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கலந்து ரெண்டு ஸ்பீக்கர்லயும் குடுக்கும். உங்க தட்டையும் கெடுக்காது. ஆனா, இவ்வளவு நல்லதைக் கையில வச்சுக்கிட்டு உங்களுக்கு ஏன் சார் இந்தத் தலையெழுத்து?"

"எனக்கில்ல. வீட்டுக்காரிக்கு ஒரு காதுதான் கேக்கும்."

அவர் உள்ளே போய்ச் சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து, தூசியைச் சட்டையிலேயே துடைத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மாட்டினேன். திமிரெல்லாம் போயிருந்தது. எனக்கென்னவோ பாட்டு ஒடுங்கித்தான் கேட்டது. எல்லோரையும் நடுக்கூடத்தில் நெருக்கியடித்து நிற்க வைத்தாற்போல் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். முதல் சரணம் முடியும்வரை அவள் கதவோரமே நின்றாள்.

"வந்துட்டாருங்க!" என்றாள் திடீரென்று. "ரெண்டு பேரும் ஒண்ணா வந்துட்டாங்க!"

வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாவது பாட்டு தொடங்கியபோது அப்படியே என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"ஏய், பாட்டு கேக்குதா?"

பதில் இல்லை. குனிந்து பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. உதட்டில் சிரிப்புகூட இருந்தது. நல்ல காது என் தோளில் புதைந்திருக்க, கேட்காத காது ஸ்பீக்கர்களைப் பார்த்தபடி இருந்தது. நான் தோளை அசைக்கவில்லை. தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.