கழித்துக்கட்டிய ரத்தம்

கொசுவின் வயிற்றில் யாருடைய ரத்தம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஊரெங்கும் அறுபது இடங்களில் எங்கள் லேப் பொறி வைத்திருக்கிறது. பொறிக்காரர் என்று நாங்கள் கூப்பிடும் மனிதர் வாரத்துக்கு இரண்டு முறை சுற்றி வந்து, பொறிகளைக் காலி செய்து, கொசுக்களை ஐஸில் போட்டுக் கொண்டுவருவார். ரத்தம் குடித்து உப்பியவற்றைப் பொறுக்கி, நசுக்கி, டிஎன்ஏவைப் பிரித்து, சீக்வென்சிங் மிஷினில் ஏற்றுவது நான். கொசு என்ன இனம், குடித்தது மாட்டு ரத்தமா மனித ரத்தமா, அதில் காய்ச்சல் வைரஸ் உண்டா இல்லையா, எல்லாவற்றையும் அது புட்டுப் புட்டு வைத்துவிடும். வைரஸ் தெரிந்தால் அந்தத் தெருவுக்குக் காய்ச்சல் குழு போகும். வீடு வீடாகச் சோதிக்கும், மருந்தடிக்கும்.

மிஷின் அறையில் நான் மட்டும்தான். ஃப்ரீசர் ஒரு பக்கம் உறுமும், ஏசி ஒரு பக்கம் உறுமும். சில நாள் காலையில் பஸ்ஸில் “கொஞ்சம் வழி விடுங்க” என்று சொன்னதோடு சரி, மறுநாள் காலை அதே பஸ்ஸில் அதே வார்த்தையைச் சொல்லும்வரை வாய்க்கு வேலை இருக்காது. வீட்டிலும் யாரும் இல்லை. கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதைத் தாங்க இன்னொரு ஆள் எதற்கு என்பேன். அதைச் சொல்லும்போது நானும் சிரிப்பேன். ஐம்பத்திரண்டு வயதில் அந்தச் சிரிப்பு நன்றாகப் பழகிவிட்டது.

அன்று காலை டாக்டரம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். லேபுக்கு அவர்தான் தலைவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

“மறுபடியும் உங்க ரத்தம் சாம்பிள்ல கலந்திருக்கு சார். பதினாலாம் நம்பர் பொறி. கையுறை ஒழுங்காப் போடுறீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. லேபில் வேலை செய்யும் எல்லோருடைய டிஎன்ஏவும் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலாக இருக்கிறது. நாம் தும்மியோ, விரல் பட்டோ சாம்பிள் கெட்டுப்போனால் கண்டுபிடிப்பதற்காக. கொசு வயிற்று ரத்தம் பட்டியலில் உள்ள யாரோடாவது பாதிக்கு மேல் ஒத்துப்போனாலே திரையில் மஞ்சள் கோடு விழும். அதைப் பார்த்துக் ‘கழிக்கவும்’ என்று ஒரு பட்டனை அமுக்க வேண்டியது நான்தான். அந்தச் சாம்பிள் கணக்கிலேயே வராது.

“பதினாறு வருஷமா இந்தக் கையாலதான் வேலை பார்க்கிறேன் டாக்டரம்மா. என் கையைப் பத்தி மட்டும் பேசாதீங்க.”

“நான் எங்க சொன்னேன், கம்ப்யூட்டர் சொல்லுது. கழிக்கச் சொல்லி அமுக்கினதும் நீங்கதானே.”

அவர் போன பிறகும் எனக்கு ஆறவில்லை. என் கை சுத்தம் என்று நிரூபித்து, அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைக்காவிட்டால் நான் நானே இல்லை என்று வீம்பு பிடித்துக்கொண்டு அந்தச் சாம்பிளின் முழு விவரத்தையும் திறந்தேன். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அதுவரை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை.

ஒருவரை அடையாளம் காண டிஎன்ஏவில் இருபத்தொரு இடங்களை ஒப்பிடுவோம். ஒவ்வொரு இடத்திலும் அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. என் ரத்தமாக இருந்தால் இருபத்தொன்றும் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். இங்கே ஆறு இடங்களில் இரண்டும் பொருந்தின. பதின்மூன்று இடங்களில் ஒன்று மட்டும். இரண்டு இடங்களில் சுத்தமாகப் பொருந்தவில்லை. கடைசி வரியில் பெண் என்று இருந்தது. மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். நான்தான் ஜெயித்தேன் என்று ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகுதான் மண்டையில் ஏறியது. பாதிக்கு மேல் நான், ஆனால் நான் இல்லை. எனக்குப் பிள்ளை இல்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள். இப்படி ஒரு ரத்தம் ஓடக்கூடிய உடம்பு உலகத்திலேயே ஒன்றுதான். அது அக்காவுடையது.

அக்கா வெளிநாட்டில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் அம்மா போனபோது, “ஒரே ஒரு நாள் வச்சிருடா, வந்துடுறேன்” என்று போனில் கெஞ்சினாள். ஐஸ் பெட்டிக்குள் அம்மாவைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. எடுத்துவிட்டேன். அவள் வந்து இறங்கியபோது கழுவிவிட்ட வீடுதான் இருந்தது. “இனிமே நீ யாரோ நான் யாரோ” என்றாள். நானாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். “ரொம்ப நல்லது” என்றேன்.

கழித்த சாம்பிள்களின் பட்டியலைத் தேடினேன். மூன்று வருடத்தில் ஒன்பது. ஒன்பதும் பதினாலாம் நம்பர் பொறி, ஒன்பதிலும் அதே ரத்தம். ஒன்பது தடவையும் கழித்துக்கட்டியது என் விரல். என் வீட்டிலிருந்து நாலு ஸ்டாப் தள்ளி மூன்று வருடமாக இருந்திருக்கிறாள்.

ஒன்பதாவது சாம்பிளில் வைரஸ் இருந்தது. கழித்துவிட்டதால் அந்தத் தெரு குழுவின் பட்டியலில் ஏறவேயில்லை. கொசு பிடிபட்டு நாலு நாள் ஆகியிருந்தது. இந்தக் காய்ச்சல் ஐந்தாம் நாள்தான் ஆளைக் கவிழ்க்கும். காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்கு ஓடினேன்.

“இது கலப்படம் இல்லை டாக்டரம்மா. என் அக்கா.”

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உங்களுக்கு யாருமே இல்லைன்னு சொல்வீங்களே.”

“அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

அவர் காகிதத்தை மேஜையில் வைத்தார். பிறகு, “ஒருத்தரோட ரத்தத்தை வச்சு அவங்க வீட்டைத் தேடிப் போகக் கூடாது. அது உங்களுக்கே தெரியும்,” என்றார்.

“ஒரு வீட்டுக்குப் போக வேண்டாம். தெரு முழுக்கப் போகலாம். இப்பவே போகலாம். நானும் போறேன், படிவம் எழுதுறேன்.”

சாம்பிளைத் திரும்பக் கணக்கில் ஏற்றினார். குழு வர மதியம் ஆகும் என்றார்கள். சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொறிக்காரரும் நானும் முன்னாலேயே கிளம்பினோம். ஒன்றாவது வீடு, இரண்டாவது வீடு என்று வரிசையாகத்தான் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் கதவு திறக்கும்போது முதலில் முகத்தைத்தான் பார்த்தேன். ஆறாவது வீடு. பொறிக்காரர் அழைப்பு மணியை அழுத்திவிட்டு, “பொறி இவங்க கொல்லைப்பக்கத்துலதான் இருக்கு. தனியா இருக்காங்க, பாவம்,” என்றார்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். பாதியாய் இளைத்திருந்தாள். பொறிக்காரரைப் பார்த்தவள் அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

“வாங்க,” என்றாள்.

அவளைவிட ஐந்து வயது சின்னவன் நான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட ‘டேய்’ என்று கூப்பிட்டதுதான் அதிகம். கதவை முகத்தில் சாத்தியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. உள்ளே போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தேன்.

“காய்ச்சல் எத்தனை நாளா?”

“நாலு நாளா.”

“வாந்தி?”

“நேத்துலேருந்து.”

“கூட யார் இருக்காங்க?”

“யாருமில்லை.”

“அவசரம்னா யாருக்குத் தகவல் சொல்லணும்?”

“யாருமில்லைன்னு போட்டுக்குங்க.”

சொல்வதை அப்படியே எழுத வேண்டும் என்பது விதி. எழுதினேன். விரலைக் குத்தப் போனபோது, “நீங்க வேண்டாம், அவரைக் குத்தச் சொல்லுங்க,” என்றாள். பொறிக்காரர் குத்தினார். கால் மணி நேரத்தில் சோதனை அட்டையில் இரண்டு கோடு தெளிவாக விழுந்தது. உடனே ஆஸ்பத்திரி. வண்டியைக் கூப்பிட அவர் வெளியே போனார்.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

“இந்தத் தெருவுல பொறி வைக்க ஒருத்தரும் இடம் கொடுக்கலை,” என்றாள், கண்ணைத் திறக்காமலே. “எந்த லேபுன்னு கேட்டேன். உன் லேபைச் சொன்னாங்க. சரி, என் வீட்டுல வைங்கன்னேன்.”

நான் பேனாவை மூடினேன்.

“அங்க வந்து உன் முன்னாடி நிக்க எனக்கு ரோஷம் விடலை. பொறியைப் பார்க்க நீ வருவேன்னு இருந்தேன். வாரத்துக்கு ரெண்டு தடவை மணி அடிக்கும். மூணு வருஷம். ஒவ்வொரு தடவையும் தலையைக் கோதிக்கிட்டுப் போய்த் திறப்பேன்.”

“நீதான் வந்தேக்கா,” என்றேன். “ஒன்பது தடவை வந்தே. நான்தான் யாருன்னு பார்க்காமத் தூக்கிப் போட்டுட்டேன்.”

அவள் கண்ணைத் திறந்து, காய்ச்சல் சிவப்போடு என்னை உற்றுப் பார்த்தாள்.

“என்ன உளர்ற. எனக்குப் புரியற மாதிரி சொல்லுடா,” என்றாள்.