ஓடுபாதையில் இன்னொரு விமானம்

கேத்ரின் வீட்டுக்கு வந்து நான்கு நாளாகியும் விசாரணைக்கு எழுத வேண்டிய அறிக்கையை எழுதி முடிக்கவில்லை. தன் அம்மா பெற்றீசியாவிடம் லீவு என்றுதான் சொல்லியிருந்தாள். விசாரணை முடியும்வரை பறக்க விடமாட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை.

அக்கரப்பத்தனையில் அவர்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து போய் விமானி ஆனவள் அவள் ஒருத்திதான். பன்னிரண்டு பேர் ஏறும் சிறிய விமானத்தில் துணை விமானி. போன செவ்வாய்க்கிழமை காலை, கொட்டும் மழையில், புறப்படுவதற்காகத் தரையில் ஊர்ந்து போகும்போது, கேப்டன் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். ஓடுபாதைக்கு முன்னால் நிற்க வேண்டிய மஞ்சள் கோடு விமானத்துக்கு அடியில் மறைவதைக் கேத்ரின் பார்த்தாள். கோட்டைத் தாண்டிவிட்டோமோ என்று கேட்டாள். இன்ஜின் இரைச்சலில் அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷம் பறந்த மனுஷருக்குத் தெரியாமலா இருக்கும் என்று இருந்துவிட்டாள்.

சில நொடிகளில் பெரிய விமானம் ஒன்று அவர்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டு ஏறிப் போனது. இருக்கை நடுங்கியது.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. அந்த மழையில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களும் இவர்களைப் பார்க்கவில்லை, இறங்கிவந்த விமானிகளும் பார்க்கவில்லை. ஆனால் பெரிய விமானத்தில் புதிதாக ஒரு கருவி பொருத்தியிருந்தார்கள். தரையில் இருக்கும் விமானங்கள் அனுப்பும் சமிக்ஞைகளைக் கவனித்துக்கொண்டே இருந்து, இறங்கப்போகும் பாதையில் யாராவது நின்றால் விமானி அறையில் குரல் கொடுத்துச் சொல்லிவிடும். "ட்ராஃபிக் ஆன் ரன்வே", ஓடுபாதையில் இன்னொரு விமானம், என்று அது சொன்னதும் அந்த விமானிகள் இறங்காமல் விமானத்தை மறுபடி மேலேற்றிவிட்டார்கள்.

ஒரு கருவி சத்தம் போட்டுச் சொன்னதை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தான் கேட்கும்படி சொல்லவில்லை. அறிக்கையில் அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் விரல் நின்றுவிடும்.

சனிக்கிழமை மத்தியானம் பிரியந்தி வந்தாள். பக்கத்து லயம், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. குவைத்தில் நாலு வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தாள். பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பெற்றீசியாவிடம் கொடுத்துவிட்டுத் தன் மகளை மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு ஏழு வயது.

பெற்றீசியா தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனாள்.

"கேத்தி, நீ ப்ளேன் ஓட்டுறவ. ஒன்னு கேக்கணும்" என்றாள் பிரியந்தி. "எறங்கப் போற ப்ளேன் திடீர்னு மறுபடி மேல ஏறுமா?"

"ஏறும். ஏன்டி?"

"நான் வந்த ப்ளேன் அப்படித்தான் ஏறுச்சு. தரை தெரியப் போகுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரே தூக்கு! பக்கத்துல இருந்த அக்கா என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க. எனக்கு இவ மொகந்தான் நெனப்பு வந்துச்சு."

"என்னைக்கு வந்த?"

"செவ்வாக்கெழம. விடிஞ்ச நேரம். அப்படியொரு மழ."

கேத்ரின் மடிக்கணினியை மூடினாள். சொல்லாமல் இருந்துவிடலாம். பிரியந்திக்கு ஒருநாளும் தெரியவராது. ஆனால் அந்தப் பிள்ளை தாயின் வளையலை உருட்டி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"கீழ, ஒங்க ப்ளேன் எறங்கப் போன பாதையில நின்ன ப்ளேன்ல நான் இருந்தேன் பிரியந்தி. நாங்கதான் தப்பா உள்ள போயிட்டோம். எனக்குத் தெரிஞ்சது. சத்தமா சொல்லல."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது பெற்றீசியா கோப்பைகளோடு வாசலில் நின்றிருந்தாள். பிரியந்தி மகளை இறுக்கிக்கொண்டாள். அவள் எழுந்து போய்விடுவாள் என்றுதான் கேத்ரின் நினைத்தாள்.

"கோவமாத்தான் இருக்கு" என்றாள் பிரியந்தி கடைசியில். "இவள நான் பாக்காமலே போயிருப்பேனே." பிறகு அவள் குரல் இறங்கியது. "எங்க ப்ளேன் மேல போறப்ப நீ கீழ இருந்து பாத்தியா?"

"பாத்தேன். ப்ளேனோட வயிறு மட்டுந்தான் தெரிஞ்சது. அவ்வளவு பக்கத்துல."

"நீயும் செத்துப் பொழச்சவதானே" என்று சொல்லிப் பிரியந்தி அவள் கையைப் பிடித்தாள். ஐந்து நாளாக வராத அழுகை அப்போது கேத்ரினுக்கு வந்தது. பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பேரீச்சம்பழத்தைப் பாதி கடித்து மீதியைக் கேத்ரினிடம் நீட்டியது.

"இத வச்சிக்கிட்டுத்தான் நாலு நாளா சோறு எறங்காம இருந்தியா புள்ள?" என்றாள் பெற்றீசியா. கோப்பைகளை வைத்துவிட்டு மகளின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கேத்ரின் அறிக்கையை முடித்தாள். 'கோட்டைத் தாண்டியதைக் கண்டேன். சந்தேகத்தை ஒருமுறை மட்டும், கேட்காத குரலில் சொன்னேன். மறுபடி சொல்லியிருக்க வேண்டும்.' தன்னைக் காப்பாற்றும் வாக்கியம் ஒன்றும் சேர்க்காமல் அனுப்பினாள்.

இரண்டு வாரம் கழித்துக் கேப்டனிடமிருந்து அழைப்பு வந்தது. இருவரும் மறுபடி பயிற்சி எடுக்க வேண்டுமாம். சிறிய விமானங்களுக்கும் எச்சரிக்கைக் கருவி பொருத்தக் கம்பனி முடிவு செய்திருக்கிறதாம். அறிக்கையைப் படித்ததாகச் சொல்லிச் சற்றுத் தயங்கினார். பக்கத்தில் இருப்பவர் பயமில்லாமல் பேசும்படி தான் நடந்துகொண்டதில்லை என்று மெல்லச் சொன்னார். பயிற்சிக்குச் சேர்ந்தே போகலாமா என்று அவர் கேட்டபோது, கேத்ரின் சரி என்றாள்.