அழுக்குப் பெட்டி

மீட்டர்காரி என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். அவளும் அண்ணனும் சேர்ந்து ஒரு பட்டறை நடத்தினார்கள். ஆஸ்பத்திரிக் கருவிகள் சரியான அளவில் வேலை செய்கின்றனவா என்று சோதித்துத் தரும் பட்டறை. சோதிப்பது அவள் வேலை. வாடிக்கை பிடிப்பதும் பேசுவதும் அண்ணன் வேலை. சோதனை மீட்டர்களை ஓட்டிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் திடீரென்று கருகிய வாடையோடு கண்ணை மூடிவிட்டது. அந்த மீட்டர்களின் கேபிளை மாட்டும் கார்டு புதுக் கம்ப்யூட்டர் எதிலும் பொருந்தாது. அதே காலத்துப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்தாக வேண்டும்.

அண்ணனோடு ஒரு பழைய சாமான் கிடங்குக்குப் போனாள். உள்ளே கால் வைத்ததுமே எலி மூத்திர நாற்றம் மூக்கில் அறைந்தது. கிடங்குக்காரர் பல் குத்திக்கொண்டே வந்து, குத்திய குச்சியாலேயே பழைய கம்ப்யூட்டர் அடுக்கைக் காட்டினார்.

"எல்லாம் ராசியான பெட்டிம்மா."

"ராசி வேணாம், ஓடினா போதும். மூடியக் கழட்டிப் பாக்கணும்."

"கழட்டினா வாங்கிக்கணும்."

"மூடின சட்டிய மோந்து பாத்தா வாங்குவாங்க? கழட்டுங்க."

அண்ணனுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி பிடித்துப் போயிற்று. "பளபளன்னு இருக்கு பாரு!" அவள் தொட்டாள், பெயின்ட் விரலில் ஒட்டியது. மூடியைத் திறந்தால், பேட்டரி கசிந்து, போர்டு முழுக்கச் சீழ் பிடித்தது போலப் பச்சை பூத்திருந்தது.

"தொடச்சா போயிடும்" என்று கிடங்குக்காரர் கட்டைவிரலில் எச்சிலைத் தொட்டு அதைத் தேய்த்தார். அவளுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது.

அடுத்ததைத் திறந்ததும் கரப்பான்கள் சிதறி ஓடின. ஒன்று அவள் சட்டைக் கைக்குள் ஏறியது. உதறி, மிதித்து, செருப்பைத் தரையில் தேய்த்துவிட்டு மூன்றாவதற்குப் போனாள்.

மூன்றாவது, யாரோ வருஷக்கணக்கில் எதிரே உட்கார்ந்து புகைத்துத் தள்ளிய பெட்டி. பீடிக்கறை போல மஞ்சள், தொட்டால் பிசுபிசுப்பு. கீபோர்டு இடுக்கில் முடியும் வெட்டிப்போட்ட நகமும். ஆனால் உள்ளே வெறும் தூசிதான். பையில் கொண்டுவந்திருந்த கார்டைச் செருகி, சின்ன மீட்டர் ஒன்றை இணைத்தாள். மீட்டர் காட்டிய எண் அப்படியே திரையிலும் வந்தது.

"சீ, இதையா?" என்றான் அண்ணன்.

"இதான் ஓடுதுண்ணே."

பட்டறைக்கு வந்து ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கத் துடைக்கத் துணி காப்பி நிறமாகிக்கொண்டே போனது. ஒருவழியாக எல்லா மீட்டர்களையும் இணைத்துவிட்டு, சோதிக்க வேண்டிய முதல் கருவியை அலமாரியிலிருந்து இறக்கினாள். அதன் பக்கவாட்டில் ஏற்கெனவே பச்சை ஸ்டிக்கர் இருந்தது: 'சோதித்தது, சரி.' தேதி இந்த வாரத்துத் தேதி. இந்த வாரம்தான் சோதிக்கக் கம்ப்யூட்டரே இல்லையே!

"அண்ணே, இது யாரு ஒட்டினது?"

அண்ணன் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான். "ஆஸ்பத்திரில அவசரப்படுத்தினாங்க. போன தடவ சரியாத்தானே இருந்துச்சு? அந்த அளவையே போட்டு ஒட்டிட்டேன். கொஞ்சம் அனுப்பியும் விட்டேன்."

"நின்னுபோன நெஞ்சுக்கு ஷாக் குடுக்கிற மெஷின்ணே இது!"

"இப்ப என்ன குடியா முழுகிடுச்சு?" விரலில் ஒட்டிய பிஸ்கட்டை நக்கினான்.

கூடப் பிறந்தவனின் வாயைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தனக்காக அவன் ஊற்றி வைத்திருந்த டீயைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போனை எடுத்தாள். ஆஸ்பத்திரி இன்ஜினியரிடம், "கடைசியா வந்த மெஷின் எதையும் தொடாதீங்க சார். சோதிக்காமலே பொய்யா ஒட்டி அனுப்பிட்டோம்" என்றாள். அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" என்று கத்தினான் அண்ணன்.

இன்ஜினியரே வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஒவ்வொன்றாக மாட்டினாள். குழந்தைகள் வார்டிலிருந்து வந்த கருவிக்குத் திரை பூஜ்யம் காட்டியது. மறுபடி மாட்டினாள். மறுபடியும் பூஜ்யம்; கருவியிலிருந்து ஷாக்கே வரவில்லை.

"இதுக்கு யாரு 'சரி' போட்டது?" இன்ஜினியர் பச்சை ஸ்டிக்கரை விரலால் தட்டினார்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஆஸ்பத்திரி வேலை அவள் கையை விட்டுப் போகவில்லை. இன்ஜினியர் எதிரே உட்கார்ந்து பார்த்த பிறகே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அண்ணன் வேறு பிழைப்புத் தேடிக்கொண்டான்; அவளோடு பேசுவதில்லை. அது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.